"அண்ணி, நான்தான்"

கீபோர்டைக் கவிழ்த்துப் பழைய செய்தித்தாளின்மேல் தட்டுவது டைப்பக்காவின் சனிக்கிழமைக் காலை வேலை. தட்டத் தட்ட ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். ரப்பர்த் துகள், பிஸ்கட் பொடி, வளைந்த ஸ்டேப்ளர் பின், எப்போதோ காணாமல் போன கம்மல் திருகு. நரைமுடி விழுந்தால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வாள். கறுப்பு முடி விழுந்தால் அதுவும் தன்னுடையதுதான், போன வருஷத்தது என்பாள். பிறகு பெயின்ட் பிரஷ்ஷால் கட்டைகளின் இடுக்கைக் கூட்டி, துணியைப் பிழிந்து திரையைத் துடைத்து, பிரிண்டரின் மூடியைத் திறந்து ஒரு முறை ஊதி மூடுவாள்.

வெளிப்பக்கம் அவ்வளவும் அவள் பொறுப்பு. உள்பக்கம் கொழுந்தனுடையது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, பழையதை நீக்குவது, பிரிண்டர் மாற்றினால் அதைக் கணினிக்கு அறிமுகம் செய்து வைப்பது எல்லாம் அவன். இந்தப் பாகப்பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப் பழகிவிடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. ஒரு மேஜை, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று, வருகிறவர்களுக்கு ஒரு முக்காலி. மனு, ஆய்வேடு, வேலைக்கான விண்ணப்பம், சங்கத்துச் சுற்றறிக்கை என்று எதைக் கொண்டுவந்தாலும் டைப் அடித்துக் கொடுப்பாள்; அதனால்தான் தெருவுக்கே டைப்பக்கா. எழுதத் தெரியாதவர்கள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிப்பாள். டைப்ரைட்டரில் பழகிய கை. கண் காகிதத்தில் இருக்கும், வாய் உள்ளறையில் இருக்கும் கணவரிடம் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், விரல் மட்டும் ஆய்வேட்டில் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒழுகும் குழாய் எந்த ஆய்வேட்டுக்குள்ளும் புகுந்ததில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் அரைக்கால் சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய கல்லூரி ஆய்வறிக்கையைக் கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தவள் அவள்தான். பெரிய அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம், பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினியைப் பூட்டிக் கொண்டுவந்து இந்த மேஜையில் வைத்தது.

"இனிமே உங்க விரல்ல கார்பன் கறை கிடையாது அண்ணி."

விண்டோஸ் போட்டு, தமிழ் எழுத்துகள் போட்டு, அட்மின் பாஸ்வேர்டையும் அவனே போட்டான். அது என்ன என்று அவள் கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு அண்ணி அந்தத் தலைவலி? நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான். கூப்பிட்ட குரலுக்கு வராமல் இருந்ததில்லை. அவன் நகரத்தின் மறுகோடிக்குக் குடிபோன பிறகு, தூரத்தில் இருந்தே சரிசெய்வதற்கு ஒரு மென்பொருளைப் போட்டுவைத்தான். அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி தானாக நகரும். மூலையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, "அண்ணி, நான்தான்" என்று எழுத்து விழும்.

"வீட்டுக்குள்ள பேய் இருக்கு. ஆனா பயப்படாதே, நம்ம குடும்பத்துப் பேய்தான்" என்பார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே வீட்டில்தான் இருப்பார். அந்த நேரமெல்லாம் அவளைச் சீண்டுவதுதான் அவருக்கு ஓய்வு.

டைப்பக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், தையல் ஆலையில் வேலை செய்யும் பெண் வந்த அந்தப் பிற்பகல் வரைக்கும்.

மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு புகார் எழுத வேண்டும் என்று வந்தாள் அந்தப் பெண். எழுத்துத் தெரியும், கோர்வையாக எழுத வராது. முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த விவரம், எந்தப் பிரிவு, எந்த வரிசை என்று வெகுநேரம் சுற்றிவிட்டு, "அன்னைக்கு சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல நூல் எடுக்கப் போனேங்க்கா" என்று தொடங்கினாள். குரல் தாழ்ந்துவிட்டது. டைப்பக்கா அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்பது அவளுடைய தொழில் கற்றுக்கொடுத்தது.

அம்புக்குறி நகர்ந்தது. அவள் கை சுட்டியில் இல்லை. இரண்டு பேருமே பார்த்தார்கள். அது மெல்ல ஊர்ந்து மூலைக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்தது.

"அண்ணி, நான்தான். அப்டேட் ஒண்ணு பாக்கி. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரரோட தம்பிதாம்மா. அவர் ஆபீஸ்ல இருந்தே சரி பண்றார்."

"நான் சொன்னது அவருக்குத் தெரியுமா இப்ப?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள் டைப்பக்கா. ஆனால் அவன் பக்கத்துத் திரையில் என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவளுக்கே தெரியாது. அந்த ஒரு நொடித் தயக்கம் போதுமானதாக இருந்தது. "இன்னொரு நாள் வர்றேங்க்கா" என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள். டம்ளரைக் கவனமாக மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் எதிரே பார்த்தபோது, தேவைக்கு மேல் நெடுநேரம் பேருந்தின் பெயர்ப் பலகையையே படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் எழுந்து போன அன்று மாலையே கொழுந்தனுக்குப் போன் போட்டிருந்தாள் டைப்பக்கா.

"ஆள் இருக்கும்போது உள்ள வராதே தம்பி. இன்னைக்கு ஒருத்தங்க பாதியில எழுந்து போயிட்டாங்க."

"ஆள் இருக்காங்களா இல்லையான்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நான் எதையும் படிக்கலை, சத்தியமா."

"நீ படிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்பா. பேசாம அந்த பாஸ்வேர்டை என்கிட்ட குடுத்திடேன்."

"குடுக்கலாம். ஆனா தெரியாம எதையாவது அமுக்கிட்டீங்கன்னா?"

முப்பது வருஷமாகக் கட்டைகளை அமுக்கியே பிழைத்தவள் அவள். அவன் மேல் அவளுக்குச் சந்தேகமே கிடையாது; சிக்கலே அதுதான். அவள் நம்புவதால் அந்தப் பெண்ணுக்கு என்ன பிரயோஜனம்? முக்காலியில் உட்காருகிறவர்கள் அவளை நம்பி வருகிறார்கள், அவள் கொழுந்தனை நம்பி அல்ல.

கொஞ்ச நாளில் திரையில் வேறொரு அறிவிப்பு வரத் தொடங்கியது. இருக்கிற விண்டோஸுக்கு இனிப் புதுப்பிப்புகள் வராது. புதிய விண்டோஸைப் போடலாம் என்றால் அதற்கு இந்தக் கணினி தகுதி பெறவில்லை. பரீட்சை முடிவைப் படிக்கிற மாதிரி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"ஃபெயிலா?" என்றார் வேன்காரர்.

"நான் இல்லை. மெஷின்."

கொழுந்தனிடம் கேட்டதற்கு, "புதுசு ஒண்ணு எடுத்துடலாம் அண்ணி. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நானே எல்லாத்தையும் செட் பண்ணிக் கொண்டாந்து வச்சிடறேன்" என்றான். அவன் குரலில் உண்மையான உற்சாகம் இருந்தது. புதுக் கணினி, புதுப் பாஸ்வேர்ட், அதே பேய். "யோசிச்சுச் சொல்றேம்பா" என்று போனை வைத்தாள்.

நூலகத்துக்கு அறிவிப்புப் பலகை வாசகங்களை அடித்துக் கொடுக்கப் போனபோதுதான் அங்கிருந்த கணினிகள் அவள் கண்ணில் பட்டன. அவளுடையதைவிடக் கிழடு. ஆனால் ஓடிக்கொண்டிருந்தன. திரை வேறு மாதிரி இருந்தது.

"இது என்ன விண்டோஸ்?" என்று நூலகர் அம்மாவிடம் கேட்டாள்.

"விண்டோஸே இல்லைக்கா. லினக்ஸ். நாங்க மாத்தி வருஷக்கணக்காச்சு. புதுசா மெஷின் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் மாத்தினோம், இப்ப புதுசு குடுத்தாலும் இதைத்தான் போடுவோம்."

"பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கும்?"

நூலகர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாரும் முதலில் விலையைக் கேட்பார்கள், அல்லது விளையாட்டு ஓடுமா என்று கேட்பார்கள். "போடறவங்க கிட்டத்தான். நீங்க போட்டா உங்ககிட்ட."

"அப்ப எனக்கு அதைக் குடுங்க."

"அதுன்னு ஒண்ணு இல்லைக்கா. நூத்துக்கணக்குல இருக்கு."

தலை சுற்றுவது அங்கேதான் ஆரம்பித்தது. உபுண்டு என்றாள், மின்ட் என்றாள், டெபியன், ஃபெடோரா என்றாள். ஒவ்வொன்றும் ஒரு 'டிஸ்ட்ரோ', அதாவது ஒரு வகையாம். எல்லாம் லினக்ஸ்தானாம், ஆனால் எல்லாம் வேறு வேறாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன குழப்பம்? சேஸிஸ் ஒண்ணு. மேல பாடி கட்டறவன் வேற வேற. ஒருத்தன் லாரி கட்டுவான், ஒருத்தன் பஸ் கட்டுவான், ஒருத்தன் வேன் கட்டுவான். உனக்கு எத்தனை பேரை ஏத்தணும், எந்த ரோட்டுல ஓட்டணும்னு பாரு."

"டிரைவருக்கு எது வசதின்னு பாக்க வேணாமா?"

"டிரைவரை யார் கேக்கறா? முப்பது வருஷமா என்னை யாராவது கேட்டாங்களா?"

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நூலகர் அம்மாவுக்கு டெபியன்தான். அடிக்கடி மாறாது, தொந்தரவு தராது, சீனியர் கிளார்க் மாதிரி என்றாள். பிரிண்டர் ரிப்பேர் செய்ய வருகிறவர், "ஊர்ல நாலு பேர்கிட்ட இருக்கிறதைப் போடுங்க, ரிப்பேர்னா கேக்கறதுக்கு ஆள் வேணும்ல" என்று உபுண்டு பக்கம் சாய்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோக்கள் பார்த்தாள். ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். இன்னொருவர் புதியவர்களுக்கு எளிதானது என்று ஒன்றைக் காட்டினார். அதை நிறுவ அவர் கறுப்புத் திரையில் அடித்த கட்டளைகள் ஒரு மனு நீளம் இருந்தன. தாடிக்காரர் ஒருவர், நான் சொல்வதைப் போடாதவர்கள் லினக்ஸ் வைத்திருக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூடாது என்றார்.

"சம்பந்தம் பேச வந்தவங்க மாதிரியே பேசறாங்க" என்றார் வேன்காரர். "பையன் எப்படின்னு யாருமே சொல்லலை, எங்க வீட்டுப் பையன்னு மட்டும் சொல்றாங்க."

இனிக் கேட்டுப் பயனில்லை, பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். நூலகர் அதற்கும் ஒரு வழி சொன்னாள். பென் டிரைவில் போட்டுத் தருவாள். கணினியை அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நிறுவவே வேண்டாம். "உங்க மெஷின்ல இருக்கிற எதையும் தொடாது. அணைச்சுட்டீங்கன்னா வந்துபோன சுவடே இருக்காது."

அந்தப் பென் டிரைவைத் தன் கணினியிலேயே தயாரிக்கலாமா என்று முயன்று பார்த்திருந்தாள். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. ஆனால் கணினியைப் போட்ட கையோடு ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று அதுவே கேட்கிறது; அங்கே பாஸ்வேர்ட் இல்லை. முன்வாசலைப் பூட்டிய கொழுந்தன் கொல்லைக் கதவை மறந்துவிட்டான்.

ஒரே பென் டிரைவ். ஒன்றைப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போவாள். அதை அழித்துவிட்டு நூலகர் அடுத்ததை ஏற்றித் தருவாள். பெயர்கள் வாயில் நிற்காததால் நிறத்தை வைத்துக் கூப்பிட்டாள்: ஆரஞ்சு, நீலம், பச்சை. துணிக்கடை மாதிரி இருக்கிறது என்று சிரித்தார் கணவர். ஆனால் அவள் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளிடம் ஒரு சோதனை இருந்தது. தட்டச்சுப் பரீட்சைக்குப் பயிற்சி செய்த பத்தி ஒன்று, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் அடிக்கும். துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த சரக்குகள் சேதமாகியிருப்பதைப் பற்றிய ஒரு முறையீடு. அந்தச் சரக்கு எத்தனையோ டைப்ரைட்டர்களில் சேதமாகியிருக்கிறது. ஒவ்வொரு நிறத்திலும் பழைய டைப்ரைட்டர் முறைத் தமிழ் விசைப்பலகை அமைப்பைத் தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பத்தியை அடிப்பாள். பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பாள்.

டைப்ரைட்டரில் பழகிய கை கொம்பை முதலில் போடும், எழுத்தைப் பிறகு போடும். ஆரஞ்சில் அவள் எதையோ தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கொம்பெல்லாம் துணையில்லாமல் புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது. நூலகரிடம் கேட்டு வந்து மாற்றியதும் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டது. நீலத்தின் அழகில் வேன்காரர் மயங்கிவிட்டார். ஆனால் அதில் கீழே பட்டையே இல்லை. திறந்து வைத்த கோப்பு எங்கே போனது என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருந்தது. "பழகிடும்" என்றாள் நூலகர். பழகும்தான். ஆனால் முக்காலியில் ஒருவர் குரல் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கோப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பச்சையைப் போட்டுப் பார்த்த அன்று அந்தப் பத்தியை அடித்து முடிப்பதற்குள் வாசலில் ஆள். மண்புழு உரம் பற்றி ஆய்வு செய்கிற ஒருவர், கடைசி அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியோடு நின்றார். மறுநாள் காலைக்குள் வேண்டும், வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூர் போகிறார் என்றார். வாங்கி வைத்துக்கொண்டு அடிக்க உட்கார்ந்தாள். பத்துப் பன்னிரண்டு பக்கம். கை ஓடியது. நடுநடுவே சேமிக்கவும் செய்தாள். அதில் அவள் கெட்டி. முடித்ததும் மத்தியானத்தில் எப்போதும் செய்கிற மாதிரி கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சாப்பிட்டு வந்து போட்டாள். பச்சை வந்தது. தெளிவாக, புதிதாக, அன்றுதான் பிறந்த மாதிரி வந்தது. 'ஆவணங்கள்' ஃபோல்டரைத் திறந்தாள். காலி. வேறெங்காவது இருக்கும் என்று எல்லா ஃபோல்டரையும் திறந்தாள். காலையில் போட்ட விசைப்பலகை அமைப்புகூட இல்லை. அப்போதுதான் நூலகர் சொன்னது காதில் விழுந்தது: வந்துபோன சுவடே இருக்காது. அன்றைக்கு அது நல்ல செய்தியாகக் கேட்டது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து வேன்காரர் உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"மண்புழு எல்லாம் மண்ணுக்குள்ளயே போயிடுச்சு."

அவர் போனை எடுத்தார். "தம்பிக்குப் போடட்டுமா? அவன் எப்படியாவது மீட்டுக் குடுப்பான்."

"மீட்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லைங்க. மெமரியில மட்டும்தான் இருந்திருக்கு, அணைச்சதும் போச்சு. போனை வைங்க." அவர் வைக்காமல் கையில் பிடித்தபடி நிற்பதைப் பார்த்து, "போட்டீங்கன்னா அவன் நாளைக்கே வந்து எல்லாத்தையும் அவன் கையில எடுத்துக்குவான். எனக்கு இதைச் செய்யத் தெரியாதுன்னு ஆயிடும்" என்றாள்.

வேன்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முக்காலியை இழுத்து உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தார். "நான் படிக்கறேன், நீ அடி. மாலை டிரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவள் இந்த முறை பென் டிரைவை உருவிவிட்டுப் பழைய விண்டோஸிலேயே உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தைக் கை நீளத்துக்குப் பிடித்துப் படித்தார். வேன் ஓட்டுகிற மாதிரியே படித்தார். காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் பிரேக்.

"மண்புழுவுக்கு அஞ்சு ஜோடி இதயமாம். தெரியுமா உனக்கு?"

"அது மூணாவது பக்கத்துல இருக்கு. நீங்க ரெண்டாவது பக்கத்தைப் படிங்க."

"அஞ்சு ஜோடி. ஒண்ணை வச்சுக்கிட்டே நான் உன்கிட்ட படற பாடு..."

"அதை ஆய்வேட்டுல சேக்கணுமா?"

மாலை டிரிப்புக்கு அவர் எழுந்தபோது நான்கு பக்கம்தான் பாக்கி இருந்தது. மறுநாள் காலை ஆய்வாளர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஒரே அத்தியாயம் இரண்டு முறை அடிக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. இரண்டாவது முறை அடிக்கும்போது டைப்பக்கா அவருடைய எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்தியிருந்தாள்.

அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே விட்டுவிடுவாள் என்றுதான் வேன்காரர் நினைத்தார். அவள் நூலகத்துக்குப் போய், பச்சையையே நிறுவிக்கொள்கிறேன் என்றாள்.

"அதுலதானேக்கா எல்லாம் போச்சு?" என்றாள் நூலகர்.

"அதனாலதான். மத்ததுல எல்லாம் உக்காந்தப்ப நான் சோதிச்சுக்கிட்டு இருக்கேன்னு ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் இருந்துச்சு. இதுல மறந்துபோச்சு. பன்னெண்டு பக்கம் அடிக்கற வரைக்கும் இது வேற வீடுன்னே தோணலை."

நூலகர் தன் டெபியனுக்காக இன்னொரு முறை வாதாட நினைத்திருக்கலாம். ஆனால் பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, "முதல்ல ஃபைல் எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுக்குங்க. எடுத்து வச்சதைத் திறந்தும் பாத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே செய்தாள். எல்லா ஆய்வேடுகளையும் மனுக்களையும் தனி வட்டு ஒன்றில் ஏற்றி, அதை நூலகத்துக்கு எடுத்துப்போய், அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். தையல் ஆலைப் பெண்ணின் பாதிப் புகாரும் அதில் இருந்தது. அதைத் திறக்கவில்லை. இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

நிறுவும்போது ஓரிடத்தில் கேட்டது: விண்டோஸின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவா, வட்டை அழித்துவிட்டு நிறுவவா? சுட்டியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். அது கொழுந்தன் பார்த்துப் பார்த்துப் பூட்டிக் கொடுத்த கணினி. அவன் முதன்முதலில் அதைப் போட்டுக் காட்டியபோது திரையின் பின்னணியில் அவளும் வேன்காரரும் நிற்கிற படத்தை வைத்திருந்தான். அந்தப் படத்தை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாளா என்று இன்னொரு முறை பார்த்தாள். எடுத்து வைத்திருந்தாள். அழி என்று கொடுத்தாள்.

பிறகு பாஸ்வேர்ட் கேட்டது. புதிதாகப் போடச் சொல்லிக் கேட்டது, அவளிடம். தமிழ்ச் சொல் ஒன்றை நினைத்துக்கொண்டு, டைப்ரைட்டரில் அதற்கு விரல் போகும் கட்டைகளையே ஆங்கிலத்தில் அழுத்தினாள். என்ன எழுத்து விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. வாயால் சொல்லச் சொன்னால் சொல்ல முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணி, உங்க மெஷின் ஆஃப்லயா இருக்கு? ரெண்டு நாளா உள்ளயே போக முடியலையே."

"ஓடுது தம்பி. நல்லா ஓடுது."

"அப்ப நெட்ல ஏதோ கோளாறு. நேர்லயே வந்துடறேன்."

மத்தியானத்துக்கு முன்பே மணி அடித்தது. "அண்ணி, நான்தான்" என்ற குரல் இந்த முறை வாசலில் இருந்து வந்தது. உள்ளே வந்தவன் நேரே மேஜைக்குப் போய்ச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான்.

"மின்ட்டா? யார் போட்டது?"

"நான்தான்."

அவனுக்குச் சிரிப்பும் திகைப்பும் சேர்ந்து வந்தன. அங்கே இங்கே திறந்து பார்த்தான். விசைப்பலகை, பழைய எழுத்துருக்கள், கோப்புகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "பரவாயில்லையே. ஆபீஸ்ல சர்வர் எல்லாம் லினக்ஸ்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனே அண்ணி."

"தெரியும்பா."

"எல்லாம் சரியா இருக்கா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"பிரிண்டர்ல மட்டும் கீழ ஒரு வரி வெட்டுப்படுது."

பிரச்சினை ஒன்று இருக்கிறது என்றதும் அவன் முகம் தெளிந்தது. முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து பிரிண்டரின் அமைப்புகளைத் திறந்தான். பாஸ்வேர்ட் கேட்டது. கை கட்டைகளின் மேல் தயாராக இருந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"சொல்ல வராது. கை அடிக்கும்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் குனிந்து அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அடித்தாள். அடிக்கும்போது அவன் கண் அவள் விரல்களில் இருந்தது. பழக்கம். அந்த வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் தாளின் அளவை மாற்றி, ஒரு பக்கம் அடித்துப் பார்த்தான். வரி வெட்டுப்படவில்லை.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"என்ன அண்ணி, எனக்குப் போய்..." என்றவன், சட்டைப்பையில் இருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்தான். "இதுக்கும் அந்த ரிமோட் இருக்கு. போட்டு வச்சிடறேன். அவசரம்னா நான் அங்க இருந்தே..."

"வேணாம் தம்பி."

"தினமுமா வரப்போறேன்? அவசரத்துக்குத்தான்."

"முக்காலியில ஆள் உக்காந்திருப்பாங்க."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது. "அன்னைக்கு யாரோ பாதியில போயிட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுவா? நான் எதையும் பாக்கலைன்னு அன்னைக்கே சொன்னேனே அண்ணி."

"பாக்கலைதான். நான் நம்பறேன்."

உள்ளறையில் வேன்காரர் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது நின்றது.

"இத்தனை வருஷத்துல நீங்க கூப்பிட்டு எப்பவாவது நான் வரமாட்டேன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லைப்பா. ஒரு நாளும் இல்லை."

"அப்ப நான் வேத்தாளா அண்ணி?"

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. வயதான ஒருவர், சுருட்டிய காகிதத்தைக் கையில் இறுகப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். "டைப் அடிக்கறது இங்கதானே? ஞாயித்துக்கிழமை உண்டா?"

"உண்டுங்க ஐயா. வாங்க, உக்காருங்க."

டைப்பக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். காகிதத்தைப் பிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்த ஆணைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். "என் மகன் விஷயமா ஒரு மனு" என்று ஆரம்பித்து, அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கொழுந்தன் எழுந்தான். நாற்காலி சக்கரத்தில் கொஞ்சம் பின்னுக்கு உருண்டது. மேஜைமேல் இருந்த பென் டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். அவள் நாற்காலியைப் பிடித்து நிறுத்தி, உட்கார்ந்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தாள். கண் திரையில் இருந்தது. இன்னும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, அவன் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு போய், தனக்குப் பின்னால் அதைச் சாத்தினான்.